ஐஸ் ஹொக்கி வீரர் ஒருவரின் ஆட்ட வாழ்க்கையை உதைபந்துப் பிள்ளைகளுக்கு எப்படி விளக்குவது?

உப்புவெளி வாசகன்:

எல்லோருக்கும் வணக்கம். திருகோணமலையில் 13, 14 வயது உதைபந்தாட்டப் பிள்ளைகள் முப்பது பேருக்கு ஒரு மாலை வகுப்பு இருக்கிறது. இங்கே யாரும் ஆடாத ஒரு விளையாட்டில் கிண்ணம் வென்றவரின் ஆட்ட வாழ்க்கையைச் சொல்ல வேண்டும். கனடாவில் மாமா, சித்தி என்று யாரும் இல்லாத பிள்ளை அந்தக் கூட்டத்தில் குறைவு. அதனால் விளையாட்டு ஐஸ் ஹொக்கி, ஆள் சிட்னி குரொஸ்பி என்று தீர்மானித்தாயிற்று.

கையில் இருப்பது இவ்வளவுதான். பிறப்பு 1987 ஓகஸ்ட் 7, ஊர் நோவா ஸ்கோஷியாவின் கோல் ஹாபர். 2005 இல் பிட்ஸ்பேர்க் பென்குயின்ஸ் அணி வாங்கியது. 2009, 2016, 2017 இல் ஸ்டான்லி கிண்ணம். இதோடு பருவவாரியான புள்ளிவிவர அட்டவணை ஒன்று.

சந்தேகங்கள்: பிட்ஸ்பேர்க் அவரை எவ்வளவு காசுக்கு வாங்கியது? 2010-11 வரிசையில் 41 போட்டிதான் இருக்கிறது, அடுத்ததில் 22. தடை விதித்தார்களா? பருவ முடிவில் பட்டியலில் முதலிடம் பிடித்த அணிக்குத்தானே கிண்ணம், பிறகு ஏன் தனியாக இன்னொரு சுற்று? பக் (அடித்து ஆடும் றப்பர் வட்டு), ஷிப்ட் (ஒரு தரம் ஐஸில் இறங்கி நிற்பது), பவர் பிளே (எதிரணியில் ஆள் குறைந்த நேரம்) என்பவற்றுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்? கடைசியாக, ஐஸ் இல்லாத ஊரில் பிள்ளைகளுக்குக் கையில் கொடுத்துக் காட்ட ஏதாவது உண்டா? நேரம் 40 நிமிடம்.

வடகடல்:

முதலில் "வாங்கியது" என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். உதைபந்துக் கழகங்கள் போல இன்னொரு கழகத்துக்குக் காசு கட்டி ஆளை எடுக்கும் வழக்கம் அவர் ஆடும் மேல்மட்ட லீக்கான என்.எச்.எல்.லில் இல்லை. இளம் வீரர்கள் வருவது ஆண்டுதோறும் நடக்கும் தெரிவின் வழியாக. ஏழு சுற்றுகள், ஒவ்வொரு அணியும் முறை வைத்து ஆளைப் பெயர் சொல்லி எடுக்கும். செப்டெம்பர் 15க்குள் 18 வயது ஆகியிருக்க வேண்டும். முந்தைய பருவத்தில் மோசமாக ஆடிய அணிகள் முன்னால் நிற்கும், உச்சியில் யார் என்பதைக் குலுக்கல் தீர்க்கும். வீரனுக்கு ஊரைத் தெரிவு செய்யும் உரிமை கிடையாது. உதைபந்து பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இது தலைகீழாகத் தெரியும். இதற்கு ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள்.

2005 இல் இன்னொரு விசேடம். 2004-05 பருவம் முழுவதும் சம்பளத் தகராறில் நடக்கவே இல்லை. போன பருவம் என்று ஒன்று இல்லாததால் 30 அணிகளும் குலுக்கலில் இறங்கின. முதல் சீட்டு பிட்ஸ்பேர்க்குக்கு விழுந்தது, இரண்டாவது அனஹைமுக்கு. அந்தச் சீட்டு மாறியிருந்தால் குரொஸ்பியின் வாழ்க்கைக் குறிப்பே வேறு.

அதற்கு முந்தைய படிகளையும் சொல்லுங்கள். வீட்டு நிலவறையில் துணி உலர்த்தும் இயந்திரத்தைக் குறி வைத்து அடித்துப் பழகியது ஊரறிந்த கதை. 2002-03 இல் மினசோட்டாவின் ஷட்டக்-சென் மேரிஸ் பாடசாலை, பிறகு இரண்டு பருவம் கியூபெக் இளையோர் லீக்கில் ரிமூஸ்கி அணி. பிறகு தெரிவு, அதே ஆண்டு 18 வயதில் நேரே மேல்மட்டம். இப்படி இடைப்படி இல்லாமல் ஏறுபவர்கள் மிகக் குறைவு. பெரும்பாலானோருக்கு நடுவில் ஏ.எச்.எல். என்ற இரண்டாம் மட்டம் இருக்கும். என்.எச்.எல். அணி ஒவ்வொன்றுக்கும் அங்கே ஒரு துணை அணி உண்டு.

சம்பளத்தையும் படிப்படியாகச் சொல்லலாம். 18 முதல் 21 வயதுக்குள் கையெழுத்திடும் ஆளுக்கு முதல் ஒப்பந்தம் மூன்று ஆண்டு, அதற்கு உச்சவரம்பு உண்டு. 2005 தெரிவில் வந்தவர்களுக்கு அடிப்படைச் சம்பளம் ஆண்டுக்கு 8,50,000 டொலருக்கு மேல் போக முடியாது, குரொஸ்பியானாலும் சரி. அதன் பிறகும் பல ஆண்டு அணிக்கே முன்னுரிமை. விரும்பிய இடத்துக்குப் போகும் சுதந்திரம் பொதுவாக 27 வயதில், அல்லது ஏழு பருவம் ஆடிய பிறகு.

இங்கே பிள்ளைகளுக்குக் கணக்காகவே போடக்கூடிய ஒன்று இருக்கிறது. 2005 இலிருந்து ஒவ்வொரு அணியும் மொத்தச் சம்பளத்துக்கு ஒரு வரம்புக்குள் நிற்க வேண்டும். 2008-09 இல் குரொஸ்பியின் ஆண்டுச் சராசரி 87 இலட்சம் டொலர், அணி வரம்பு 5 கோடியே 67 இலட்சம். அதாவது நூற்றுக்குப் பதினைந்து. 2024-25 இலும் அவருடைய சராசரி அதே 87 இலட்சம், வரம்பு 8 கோடியே 80 இலட்சம். பத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. நடுவில் 2013 இலிருந்து ஓடிய 12 ஆண்டு, 10 கோடியே 44 இலட்சம் டொலர் ஒப்பந்தமும் அதே சராசரிதான். அவர் கேட்காமல் விட்ட ஒவ்வொரு டொலரும் இன்னொரு வீரனை அணியில் வைத்திருக்க உதவியது. 2016, 2017 கிண்ணங்களைப் பேசும்போது இதை விட்டால் பாதிக் கதை போய்விடும்.

பட்டியலில் முதலிடம் வரும் அணிக்கு வேறொரு பரிசு, பிரசிடென்ட்ஸ் கேடயம். ஸ்டான்லி கிண்ணம் அதன் பிறகு நடப்பது. 16 அணிகள், நான்கு சுற்று, ஒவ்வொரு சுற்றும் ஏழில் நான்கு வெல்ல வேண்டும். ஆக 16 வெற்றி, அதிகபட்சம் 28 போட்டி, ஏறத்தாழ இரண்டு மாதம். 80க்கு மேற்பட்ட போட்டி ஆடிக் களைத்த உடம்போடு.

நீலக்கோடு:

அட்டவணையைப் பற்றி. இடமிருந்து வலமாகப் போட்டி, கோல், உதவி, புள்ளி. கோலும் உதவியும் கூட்டினால் புள்ளி. ஒரு கோலுக்கு அதிகபட்சம் இரண்டு பேருக்கு உதவி எழுதுவார்கள். அதனால்தான் கோல் எண்ணிக்கையை விட உதவி எண்ணிக்கை பெரிதாகத் தெரிகிறது. கூட்டல் கழித்தல் குறியோடு வரும் நிரலில், அவர் ஐஸில் நிற்கும்போது தன் அணி கோல் போட்டால் ஒன்று கூடும், வாங்கினால் ஒன்று குறையும். எதிரணியில் ஆள் குறைவாக இருக்கும்போது போட்ட கோல் இதில் சேராது. கடைசி நிரல் தண்டனை நிமிடம்.

இனி அந்த 41. தடை ஒன்றும் இல்லை. வரிசையை முழுதாக வாசியுங்கள்: 2010-11, 41 போட்டி, 32 கோல், 34 உதவி, 66 புள்ளி. பாதிப் பருவம்தான் ஆடினார், ஆனாலும் அந்தப் பருவத்தில் பென்குயின்ஸில் அவரை விடக் கூடுதல் புள்ளி எடுத்தவர் இல்லை. 2011 ஜனவரி 1 இல் வொஷிங்டனுக்கு எதிரான திறந்தவெளி ஆட்டத்தில் தலையில் ஒரு இடி. நான்கு நாள் கழித்து டாம்பாவுக்கு எதிராக இறங்கினார், அதில் இன்னொரு இடி. மூளை அதிர்ச்சி. பிறகு பத்து மாதத்துக்கு மேல் ஐஸில் போட்டி இல்லை. 2011 நவம்பர் 21 இல் திரும்பி வந்து அன்றே 2 கோல், 2 உதவி. எட்டாவது போட்டிக்குப் பிறகு அறிகுறிகள் திரும்ப, மார்ச் வரை மீண்டும் வெளியே. அந்த 22க்குக் காரணம் இது. 2012-13 இல் 36 போட்டிதான் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பருவமே சுருக்கப்பட்டது, அதோடு 2013 மார்ச் 30 இல் தன் அணிக்காரர் அடித்த பக் தாடையில் பட்டு எலும்பு முறிந்தது.

உங்கள் வகுப்பில் இருப்பவர்கள் பந்தைத் தலையால் முட்டும் பிள்ளைகள். அதனால் இந்த இடத்தில் நின்று நிதானமாகச் சொல்லுங்கள். முதல் இடி ஆறுமுன் இரண்டாவது விழுந்தால் ஆபத்து பல மடங்கு. தலையில் அடிபட்ட பிள்ளை அன்றைக்கு மறுபடி மைதானத்தில் இறங்கவே கூடாது, "எனக்கு ஒண்டுமில்லை சேர்" என்று அவனே சொன்னாலும். திரும்பும் வழி படிப்படியாக: முதலில் ஓய்வு, பிறகு நடை அல்லது சைக்கிள் போல மெல்லிய பயிற்சி, பிறகு தனியே ஓட்டம், பிறகு மோதல் இல்லாத அணிப் பயிற்சி, வைத்தியர் சரி என்ற பிறகு மோதலுள்ள பயிற்சி, கடைசியில் போட்டி. ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு முழு நாள். தலையிடி, வெளிச்சம் கூசுதல், வாந்தி உணர்வு எது திரும்பினாலும் ஒரு படி கீழே இறங்க வேண்டும். வாந்தி நிற்காவிட்டால், அல்லது பிள்ளை மயங்கினால், குழம்பிக் கதைத்தால் உடனே ஆஸ்பத்திரி.

மூன்றாம் வரிசை:

அண்ணை, குரொஸ்பியை மட்டும் வைத்துச் சொன்னால் பிள்ளைகள் பிழையாக விளங்கிக்கொள்வார்கள் என்று நினைக்கிறேன். 18 ஆகுமுன்பே முதல் ஆளாகத் தெரிவு, 19 வயதில் தலைவர், முதல் பருவத்திலேயே 102 புள்ளி, அடுத்ததில் 120. இதைக் கேட்கும் பிள்ளை "அது அவனுக்கு வாய்ச்சது" என்று எழுந்து போய்விடும்.

பக்கத்தில் இன்னொருவரை நிறுத்துங்கள். பற் மரூன். அவருக்கும் மூன்று ஸ்டான்லி கிண்ணம், அதுவும் அடுத்தடுத்த மூன்று ஆண்டு: 2019 சென் லூயிஸ், 2020, 2021 டாம்பா பே. ஆனால் 2007 தெரிவில் அவர் 161ஆவது ஆள், ஆறாம் சுற்று. எடுத்த பிலடெல்பியா அணிக்காக ஒரு என்.எச்.எல். போட்டிகூட ஆடவில்லை. 2008 தொடக்கம் 2013 வரை பெரும்பகுதி ஏ.எச்.எல்.லில், பஸ்ஸில் ஊர் ஊராக. 2010 நவம்பரில் அனஹைமுக்கு மாற்றினார்கள். மேல்மட்டத்தில் நிலையான இடம் கிடைத்தது 2013-14 இல். தெரிவாகி ஆறு ஆண்டு கழித்து.

அவருடைய வேலை என்ன என்பதைக் கிட்டப் போய்ப் பாருங்கள். ஆறடி மூன்று அங்குல உயரம், பெருத்த உடம்பு. எதிரணி கோல் வாயிலில், காப்பாளரின் கண்ணுக்கு முன்னால் நிற்பார். தூரத்திலிருந்து வரும் அடி காப்பாளருக்குத் தெரியக்கூடாது. பின்னால் இருந்து எதிரணிப் பின்வரிசைக்காரர் மட்டையால் முதுகில் தள்ளிக்கொண்டே இருப்பார், இவர் நகரக்கூடாது. காப்பாளரை மோதித் தடுத்தால் கோல் செல்லாது. அடி வந்து தெறித்தால் அரை விநாடிக்குள் அதைத் தட்டி உள்ளே விட வேண்டும்.

2019 மே 7, டலஸ் அணிக்கு எதிராக இரண்டாம் சுற்றின் ஏழாவது போட்டி. 1-1. இரண்டாவது கூடுதல் நேரம் ஓடுகிறது. டலஸ் காப்பாளர் பென் பிஷப் அன்றைக்கு 52 அடிகளைத் தடுத்திருந்தார். ரொபேர்ட் தொமஸ் அடித்த பக் கம்பத்தில் பட்டு, காப்பாளரின் பின்புறத்தில் மோதி, கோல் கோட்டருகே விழுகிறது. அந்த இடத்தில் நின்றவர் மரூன். ஒரே தட்டு. சென் லூயிஸ் அவர் பிறந்து வளர்ந்த ஊர். அந்த ஜனவரி தொடக்கத்தில் லீக்கிலேயே கடைசி இடத்தில் கிடந்த அணி, ஜூன் 12 இல் பொஸ்ரனில் வைத்துத் தன் வரலாற்றின் முதல் கிண்ணத்தை எடுத்தது.

அந்தப் பருவத்தில் அவருடைய வரிசை 74 போட்டி, 28 புள்ளி. ஒப்பந்தம் ஓராண்டு, 17 இலட்சத்து 50 ஆயிரம் டொலர். கிண்ணம் வென்ற பிறகு சம்பளம் ஏறியதா என்றால் இல்லை, அடுத்த ஆண்டு டாம்பாவில் 9 இலட்சம். அட்டவணையை மட்டும் பார்ப்பவர் இந்த ஆளைத் தாண்டிப் போய்விடுவார்.

குரொஸ்பியின் பக்கத்திலும் இதே பாடம் இருக்கிறது. 2009 ஜூன் 12, டெட்ரொய்ட்டில் இறுதிச் சுற்றின் ஏழாவது போட்டி. மூன்று பகுதி ஆட்டத்தின் இரண்டாம் பகுதியில் முழங்காலில் அடிபட்டு, மூன்றாம் பகுதியில் ஒரே ஒரு முறை இறங்கிப் பார்த்தார், முடியவில்லை, வாங்கிலேயே இருந்தார். பிட்ஸ்பேர்க்கின் இரண்டு கோலும் மக்ஸ் தல்போ போட்டவை. 2-1. கடைசி நொடியில் டெட்ரொய்ட்டின் லிட்ஸ்ட்ரோம் அடித்ததைப் பாய்ந்து தடுத்தவர் பிட்ஸ்பேர்க் காப்பாளர் ஃபுளூரி. கிண்ணச் சுற்றின் சிறந்த வீரர் விருது அதே அணியின் மல்கினுக்கு. 21 வயதில் கிண்ணம் வென்ற மிக இளைய என்.எச்.எல். தலைவர் என்று குரொஸ்பியின் பெயர் பதிவானது, அவர் வாங்கில் இருந்தபோது மற்றவர்கள் காத்த இரண்டு கோலால்.

உப்புவெளி வாசகன்:

தடை என்று நினைத்தது பெரிய பிழை, திருத்தியதற்கு நன்றி. இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தே சொல்கிறேன். பலகையில் இரண்டு நிரல், மேலே இருவருக்கும் "3 கிண்ணம்".

இரண்டு விடயம் இன்னும் தெளிவில்லை. மரூன் போன்றவர் ஒரு போட்டியில் எவ்வளவு நேரம் ஆடுவார், ஏன் எல்லோரும் உள்ளே வெளியே போய்க்கொண்டே இருக்கிறார்கள்? மற்றது செய்து காட்டும் பகுதி. ரொறன்ரோவிலிருந்து ஒருவர் இரண்டு பக், இரண்டு மட்டை, ஒரு சோடி சில்லு ஸ்கேட் கொண்டுவந்து தருகிறார். இடம் சீமெந்துத் தரையுள்ள வலைப்பந்துத் திடல்.

நீலக்கோடு:

முதலாவதுக்கு நான் சொல்கிறேன். ஒரு அணி 18 ஆட்டக்காரரும் இரண்டு காப்பாளரும் உடுத்தி வரும். ஐஸில் ஒரே நேரத்தில் ஐந்து பேரும் காப்பாளரும். முழு வேகத்தில் ஒருவர் ஒரு தரம் நிற்பது ஏறத்தாழ 45 விநாடி. அதைத் தாண்டினால் தொடை எரியும், கால் சொல்வழி கேட்காது, திரும்பும்போது அரை அடி பிந்தும். அந்த அரை அடியில்தான் கோல் விழும். அதனால் ஆட்டம் ஓடும்போதே மாறுவார்கள், நடுவரிடம் கேட்கத் தேவையில்லை. நட்சத்திர வீரர் 20 நிமிடம் அளவில் ஆடுவார், அதாவது 25க்கு மேற்பட்ட இறக்கம். மாறி மாறி இறங்கும் குழுக்களில் கடைசியான நான்காம் வரிசைக்காரர் 10, 12 நிமிடம்.

இதில் ஒரு நுணுக்கம். இரண்டாம் பகுதியில் பக்கம் மாறுவதால் தங்கள் வாங்கு தங்கள் கோலிலிருந்து தூரமாகிவிடும். தற்காத்துக்கொண்டிருக்கும் ஐவர் களைத்தாலும் வாங்குக்கு ஓட முடியாது, விட்டு ஓடினால் கோல். ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் மாட்டிக்கொண்டு நிற்பார்கள்.

செய்து காட்ட: டச்பே கடற்கரையில் ஈரமான, இறுகிய மணலில் 45 விநாடி முழு ஓட்டம், 90 விநாடி ஓய்வு, ஆறு தரம். பிறகு ஒரே ஒரு தரம் 75 விநாடி. 45க்கும் 75க்கும் உள்ள வித்தியாசத்தைக் காலே சொல்லிவிடும். வெயில் தாழ்ந்த பிறகு, தண்ணீர் பக்கத்தில் வைத்து.

அளவுக்கு: ஐஸ் தளம் 200க்கு 85 அடி, மீற்றரில் 61க்கு 26. 105க்கு 68 மீற்றர் அளவான உதைபந்துத் திடலில் இதைக் குறுக்காக நான்கு அடுக்கலாம். மக்கெய்சர் மைதானத்தில் கோடு பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இது ஒரு நொடியில் விளங்கும்: கால்வாசி இடம், பத்து ஆட்டக்காரர், சுற்றிலும் சுவர்.

தீட்டுகல்:

செய்து காட்டுவதைப் பற்றி.

பக் முதலில். கெட்டியான றப்பர் வட்டு, விட்டம் 3 அங்குலம், தடிப்பு 1 அங்குலம், நிறை 156 முதல் 170 கிராம். போட்டிக்கு முன் அதை உறைய வைப்பார்கள், துள்ளலைக் குறைக்க. இரண்டு இருக்கிறதல்லவா, ஒன்றை முதல் நாள் இரவே ஃப்ரீசரில் வையுங்கள். மற்றதை வெளியே விடுங்கள். வகுப்பில் இரண்டையும் நெஞ்சு உயரத்திலிருந்து விளிம்பு கீழே வரும்படி சீமெந்தில் போடுங்கள். உறைந்தது அடங்கும், மற்றது துள்ளி ஓடும். ஃப்ரீசரில் இருந்ததை சாக்கில் சுற்றி ஐஸ் பெட்டியில் கொண்டுவாருங்கள், இங்குள்ள சூட்டில் வெளியே வைத்தால் சோதனைக்கு முன்பே இளகிவிடும். பிள்ளைகளின் கால்விரலில் விழாமல் பாருங்கள்.

ஐஸைப் பற்றிக் கேட்டால், மீன் பெட்டிக்குள் போடும் ஐஸ் போல இல்லை என்று சொல்லுங்கள். அது உருகிக்கொண்டே இருப்பது, மேலே தண்ணீர் நிற்கும். தண்ணீர் நின்றால் பக் ஒட்டும். ஆட்டத் தளம் உறைநிலைக்கு நான்கு, ஐந்து பாகை கீழே, ஓர் அங்குலத்துக்குச் சற்று மேலான தடிப்பில், அடியில் குளிர்க் குழாய்களோடு இருக்கும். ஒவ்வொரு பகுதிக்கும் இடையில் இயந்திரம் வந்து மேற்பரப்பைச் சீவி, சுடுநீர் மெல்லப் பூசும். கீறல்களில் நிரம்பிச் சமமாக உறைய சுடுநீர்தான் நல்லது.

ஸ்கேட் அலகு கத்தி போல ஒற்றைக் கூர் என்று எல்லோரும் நினைப்பார்கள். அலகின் தடிப்பு ஏறத்தாழ 3 மி.மீ. அடியில் நீளத்துக்கு ஒரு வாய்க்கால் தோண்டியிருக்கும், அதன் இரண்டு பக்கமும் இரண்டு கூர். அந்த வாய்க்காலின் வளைவு ஆரையை அங்குலத்தில் சொல்வார்கள். அரை அங்குலம் பொதுவானது. ஆரை குறைந்தால் வாய்க்கால் ஆழம், ஐஸைக் கடித்துப் பிடிக்கும், திரும்ப நல்லது, ஆனால் வேகம் இழுபடும். கூடினால் வழுக்கி ஓடும், பிடிமானம் குறையும். பாரமான ஆளுக்கு உடம்பே அழுத்துவதால் சற்றுப் பெரிய ஆரை போதும். தீட்டும்போது நடக்கும் பெரிய பிழை, ஒரு கூர் மற்றதை விட உயர்ந்துவிடுவது. அலகின் குறுக்கே ஒரு நாணயத்தை வைத்துப் பார்த்தால் சரிவு தெரியும். அப்படியே இறங்கினால் ஒரு பக்கம் திரும்பும்போது பிடிக்கும், மறுபக்கம் கால் வாரிவிடும்.

மட்டை: சப்பாத்தோடு நிற்கும்போது நுனி நாடிக்கு வந்தால் சரி. மட்டையில் எழுதியிருக்கும் இலக்கம் வளையும் தன்மை. அதை ஓர் அங்குலம் வளைக்க எத்தனை இறாத்தல் அழுத்த வேண்டும் என்ற கணக்கு. உடல் நிறையை இறாத்தலில் எடுத்துப் பாதியாக்கினால் கிட்டத்தட்டப் பொருந்தும். 45 கிலோ பிள்ளைக்கு 50. பெரியவருக்கான 85 மட்டையைக் கொடுத்தால் அது வளையாது, அடி கையால் தள்ளியது போல வரும். ஹொக்கி அடியில் மட்டை பக்கைத் தொடுவதற்குச் சற்று முன்பே தரையில் பட்டு வில்லாக வளைந்து, விடுபட்டு நிமிரும்போதுதான் வேகம் பிறக்கிறது.

ஐஸில் ஆடும் காபன் மட்டையைச் சீமெந்தில் உரச விடாதீர்கள். இரண்டு மூன்று நாளில் அலகின் அடிப்பக்கம் தேய்ந்து நார் பிரியும். பிளாஸ்டிக் அலகுள்ள தெரு மட்டை கேளுங்கள். பக்கும் சீமெந்தில் வழுக்காது, உருண்டு புரளும். தெரு ஹொக்கிப் பந்து கேளுங்கள், அதில் வெப்பகாலத்துக்கென்று கெட்டியாக வருவது. குளிர்காலப் பந்து இங்கே களி போல இளகிவிடும்.

சில்லு ஸ்கேட் ஒரு சோடிதான் என்றால் பெரியவர் ஒருவர் போட்டுக் காட்டட்டும். பிள்ளைகளுக்குக் கொடுப்பதானால் தலைக்கவசம், முழங்கால், முழங்கை, மணிக்கட்டுக் காப்பு நான்கும் இல்லாமல் கொடுக்காதீர்கள். முதல் நாள் உடைவது மணிக்கட்டுத்தான். மீதிப் பேர் சப்பாத்தோடு ஆடினால் போதும். மரூன் சிறுவயதில் சென் லூயிஸில் சில்லு ஸ்கேட் ஹொக்கி ஆடி வளர்ந்தவர், அதைச் சொல்லிக்கொண்டே காட்டலாம்.

வடகடல்:

ஒரு சிறு சேர்ப்பு, கிண்ணத்தைப் பற்றி. பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். உயரம் ஏறத்தாழ 90 செ.மீ., நிறை 15 கிலோவுக்குச் சற்று மேல். ஆண்டுக்கு ஒன்று புதிதாகச் செய்வதில்லை. வென்றவர்களின் பெயரை அதிலேயே பொறிக்கிறார்கள். அந்தப் பருவத்தில் அணிக்காக 41 போட்டி, அல்லது இறுதிச் சுற்றில் ஒரு போட்டியாவது ஆடியிருக்க வேண்டும். காயத்தால் தவறியவருக்காக அணி விண்ணப்பிக்கலாம். அடிப்பாகத்தில் ஐந்து வளையம், ஒன்றில் 13 அணிகளின் பெயர் கொள்ளும். நிரம்பியதும் மேலேயுள்ள பழைய வளையத்தைக் கழற்றி ரொறன்ரோவின் ஹொக்கிப் புகழ்மண்டபத்தில் வைத்துவிட்டு, கீழே புதிய வளையம். கோடைக்காலத்தில் வீரர் ஒவ்வொருவரும் அதை ஒரு நாள் தன் ஊருக்குக் கொண்டுபோகலாம். குரொஸ்பி கோல் ஹாபருக்குக் கொண்டுபோனார்.

இன்னொன்று, சம்பளம் வழக்கமான பருவத்தோடு நின்றுவிடும். கிண்ணச் சுற்றில் ஆடும் இரண்டு மாதத்துக்குச் சம்பளம் இல்லை, ஒரு பொது நிதியிலிருந்து பங்குதான்.

மூன்றாம் வரிசை:

தமிழ்ச் சொற்களுக்கு என் அபிப்பிராயம். பக்கை "வட்டு" என்றே சொல்லுங்கள், பார்த்தவுடன் பொருந்தும். ஷிப்டுக்கு "இறக்கம்". "இது குரொஸ்பியின் பத்தாவது இறக்கம்" என்றால் காதுக்கு இயல்பாக இருக்கிறது. பவர் பிளேக்கு "ஆள் கூடிய ஆட்டம்", மற்றப் பக்கத்துக்கு "ஆள் குறைந்த ஆட்டம்". பிழை செய்தவர் போய் இருக்கும் இடம் "தண்டனைப் பெட்டி", சிறு பிழைக்கு 2 நிமிடம், பெரிதுக்கு 5. கோல், ஸ்கேட், ஐஸ் மூன்றையும் அப்படியே விடலாம், அவை ஏற்கெனவே நம்முடைய சொற்கள்தான்.

தங்கள் மொழியில் ஹொக்கி வர்ணனை செய்ய முடியும் என்பதற்குப் பஞ்சாபிக்காரர்கள் முன்னுதாரணம். 2016 இறுதிச் சுற்றின் முதல் போட்டியில் பிட்ஸ்பேர்க்கின் நிக் பொனினோ வெற்றிக் கோலைப் போட்டபோது, பஞ்சாபி ஒளிபரப்பில் ஹர்நாராயண் சிங் "பொனினோ பொனினோ பொனினோ" என்று முழங்கியதைக் கனடா முழுவதும் திரும்பத் திரும்பக் கேட்டது. அது குரொஸ்பியின் இரண்டாவது கிண்ணம், கிண்ணச் சுற்றின் சிறந்த வீரர் விருதும் அந்த முறை அவருக்கே. அடுத்த ஆண்டும் அவருக்கே. பிள்ளைகளில் குரல் நல்ல ஒருவனை விட்டு மரூனின் டலஸ் கோலைத் தமிழில் வர்ணிக்கச் சொல்லுங்கள்.

உப்புவெளி வாசகன்:

வர்ணனை யோசனை அருமை, கட்டாயம் வைக்கிறேன். ஓட்டம் முதல் நாள் மாலை டச்பேயில், பேச்சும் பந்தும் மறுநாள் திடலில் என்று பிரித்துவிட்டேன். சாமான் வந்து சேர ஒரு மாதம் முந்திவிடும். அதுவரை அந்தச் சில்லு ஸ்கேட்டைக் கடற்கரைப் பக்க வீட்டில் வைத்திருந்தால் பழுதாகுமா?

தீட்டுகல்:

ஆகும், உப்புக்காற்றுக்கு முதலில் போவது பெயாரிங். ஒரு சில்லுக்கு இரண்டு, சோடிக்கு 16. மணலும் உப்பும் சேர்ந்தால் இரண்டு மூன்று வாரத்தில் கரகரக்கும், சில்லைக் கையால் சுற்றிவிட்டால் உடனே நின்றுவிடும். வந்தவுடன் மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில், சமையலறை ஈரத்துக்குத் தூரமாக வையுங்கள். கச்சான் காற்று வீசும் மாதம் என்றால் தூசி இன்னும் மோசம், பெட்டியைத் திறந்து வைக்கவே வேண்டாம்.

ஏற்கெனவே கரகரத்தால்: அறுகோணச் சாவியால் அச்சாணியைக் கழற்றி, பெயாரிங்கை வெளியே தள்ளி, பக்க மூடி கழலக்கூடியதென்றால் ஊசியால் எடுத்து, மண்ணெண்ணெயில் பத்து நிமிடம் ஊறவிட்டுக் குலுக்குங்கள். துணியில் தட்டி நிழலில் முழுதாகக் காயவிட்டு, தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி. இரண்டு துளி விட்டால் அடுத்த நாளே மணலை இழுத்து ஒட்டவைக்கும். தண்ணீரில் கழுவ வேண்டாம். பூட்டும்போது அச்சாணியை இறுக்கி, சில்லு பக்கவாட்டில் ஆடாமலும் சுற்றத் தடையில்லாமலும் இருக்கிறதா என்று எட்டுச் சில்லையும் ஒவ்வொன்றாகச் சுற்றிப் பாருங்கள். சில்லின் பக்கத்தில் கடினத்தன்மை இலக்கம் இருக்கும். 80க்கு மேல் என்றால் சீமெந்துக்குச் சரி, 74, 76 என்றால் அது உள்ளரங்கச் சில்லு, ஒரு மாலையிலேயே தேய்வு தெரியும். ஆள் புறப்படுமுன் அந்த இலக்கத்தைக் கேட்டுவிடுங்கள்.